சாணியா, விறகா, வெயிலா: சிலிண்டரை விடுவதற்கு முன்

சிலிண்டரே வேண்டாம் என்ற முடிவோடு ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லாரும் எதைக் கட்டலாம், எவ்வளவு ஆகும், மானியம் கிடைக்குமா என்றுதான் கேட்கிறார்கள். தினமும் காலையில் யார் சாணி கரைப்பது என்று இதுவரை என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

என் சித்தப்பா பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தாராபுரம் பக்கத்தில் இருக்கும் நாலு ஏக்கர் தோட்டத்துக்கே குடிவருகிறான். அறுபது தென்னை, ரெண்டு மாடு (மூணாவது வாங்கப் போகிறானாம்), வரப்பில் பத்துப் பன்னிரண்டு புங்கமரம், ஓட்டு வீடு, சித்தியோடு சேர்த்து அஞ்சு பேர். ஆறு மாதமாக ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்த்து ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்பினான்: சாணியிலிருந்து எடுக்கிற கோபர் கேஸ், புகையில்லா அடுப்பு, சோலார் போட்டு இண்டக்‌ஷன், புங்க எண்ணெயில் பயோடீசல், விறகுப் புகையில் ஓடும் ஜெனரேட்டர். கீழே ஒரே வரி. "அண்ணா, இதுல எது போட்டா வெளியில கையேந்த வேண்டாம்?" நான் பதினோரு வருசமாக கோபர் கேஸ் வைத்திருப்பவன், அதனால் கேட்டான். அவனுக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இதே யோசனையில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே படியால் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தர் கன மீட்டர் என்பார், இன்னொருத்தர் யூனிட் என்பார், கடைசியில் யார் நன்றாகப் பேசினாரோ அவர் சொன்னதை வாங்கி வைப்போம். என் படி, அஞ்சு பேர் வீட்டின் ஒரு நாள் சமையல். குளிக்க வெந்நீர் விறகில் வைக்கிற வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 45 நாள் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 315 கிராம் கேஸ். அதே வேலையைப் பழைய மூணு கல் அடுப்பில் செய்ய ஏறக்குறைய 5 கிலோ காய்ந்த விறகு வேண்டும், நல்ல அடுப்பாக இருந்தால் அதில் பாதி போதும். கோபர் கேஸ் என்றால் முக்கால் கன மீட்டர். இண்டக்‌ஷன் என்றால் 3 யூனிட் கரண்ட். இது கணக்குப் போட்டு எடுத்தது, உங்கள் வீட்டில் பலகாரம் சுடுகிற நாளில் மாறும், ஆனால் ஒப்பிடுவதற்கு இது போதும்.

இந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டு சாணியிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதிகம் தெரிந்தது அதுதான்.

காற்றுப் புகாத குழிக்குள் 25 கிலோ பச்சைச் சாணி போட்டால் ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் கேஸ் வரும் என்பது அரசுத் திட்டங்களிலேயே போடுகிற கணக்கு. முக்கால் கன மீட்டருக்கு 19 கிலோ. ஒரு மாடு 10 கிலோ போடும், எருமை என்றால் 15. ஆக ரெண்டு மாடு போதும் என்று காகிதத்தில் வரும். தோட்டத்தில் வராது. மாட்டை நாள் பூராவும் கட்டுத்தரையிலேயே கட்டித் தீனி போட்டால்தான் இந்தக் கணக்கு. காலையில் அவிழ்த்துவிட்டு சாயங்காலம் ஓட்டிவந்தால் பாதிச் சாணி மேய்கிற கொறங்காட்டில் கிடக்கும், அதைப் பொறுக்கி வர ஆள் போட்டால் கேஸ் விலை சிலிண்டர் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் மூணாவது மாட்டை முதலில் வாங்கு, குழியை அப்புறம் தோண்டு என்றேன். மூணு மாட்டுச் சாணி 30, 35 கிலோ என்றால் மழைக்காலத்திலும் மார்கழியிலும் கை கொடுக்கும். குழிக்குள் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர்கள், 35 டிகிரி வெப்பம்தான் அவற்றுக்குப் பிடிக்கும், மார்கழிப் பனியில் கேஸ் குறைவதை நான் வருசா வருசம் பார்க்கிறேன். அந்த ஒரு மாதம் காலையில் டீக்கும் இட்லிக்கும் சரியாக இருக்கும், மதியக் குழம்புக்கு இழுக்கும்.

சாணிக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். 30 கிலோ சாணிக்கு 30 லிட்டர். அமராவதித் தண்ணீர் வருகிற தோட்டத்துக்கு இது ஒன்றுமில்லை, போர் வற்றிப்போய் லாரித் தண்ணீர் வாங்குகிற காட்டுக்கு இது பெரிய விசயம். மாடு கழுவிய தண்ணீரும் கோமியமும் ஊற்றலாம், சோப்புத் தண்ணீர் மட்டும் போகக்கூடாது.

குழியில் மூணு வகை. இரும்பு டிரம் மேலும் கீழும் போய்வருகிற காதி கமிஷன் மாடல் நம் அப்பாக்கள் காலத்தில் வந்தது. டிரம் உயரத்தைப் பார்த்தாலே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று தெரியும் என்பது அதன் அழகு, வருசா வருசம் பெயின்ட் அடிக்காவிட்டால் துருப்பிடித்து ஓட்டையாகும் என்பது அதன் தொல்லை, இப்போது பைபர் டிரம் வந்திருக்கிறது. ரெண்டாவது 1984இல் அஃப்ப்ரோ (AFPRO) என்ற தொண்டு நிறுவனம் வடிவமைத்த தீனபந்து, முழுக்க மண்ணுக்குள் செங்கல் குவிமாடம், நகரும் பாகமே கிடையாது. மூணாவது பலூன் மாதிரி பை, விலை குறைவு, ஒரே நாளில் விரித்துவிடலாம், ஆனால் வெயிலும் எலியும் ஆட்டுக்குட்டிக் குளம்பும் அதற்கு எதிரி. நான் தீனபந்துதான் சொல்வேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: ஏற்கெனவே குறைந்தது அஞ்சு குழி கட்டின கொத்தனார் கிடைத்தால் மட்டும். எங்கள் வீட்டில் கட்டியவர் நல்ல கொத்தனார்தான், வீடு கட்டுகிற கொத்தனார். குவிமாடத்தின் கழுத்துப் பக்கம் முடி கனத்துக்கு ஒரு விரிசல் விட்டுவிட்டார். கேஸ் உற்பத்தியாகிறது, அடுப்புக்கு வரவில்லை, ஒரு மாதம் பைப்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது அந்தக் கழுத்தில் மட்டும் குமிழ் குமிழாக வந்தது.

செலவு, சிமென்ட் விலையையும் கூலியையும் பொறுத்தது. ரெண்டு கன மீட்டர் தீனபந்து, அதாவது ஒரு நாளைக்கு அவ்வளவு கேஸ் தரக்கூடிய குழி, இன்றைக்கு அரை லட்சம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். மாதம் ஒரு சிலிண்டர் மிச்சம் என்று வைத்தாலும் போட்ட பணம் திரும்ப அஞ்சு ஆறு வருசம் ஆகும். இதைக் கேட்டதும் பையன் கொஞ்சம் சோர்ந்துபோனான். ஆனால் கோபர் கேஸைக் கேஸ் கணக்கில் மட்டும் பார்ப்பது தப்பு, வெளியே வருகிற கரைசல்தான் பாதி வருமானம். எரிவாயுவாகப் போவது கரிமம், தழைச்சத்து அப்படியே குழியிலிருந்து வெளியே வருகிறது, அதுவும் களை விதை பெரும்பாலும் முளைக்கும் சக்தியை இழந்து வருகிறது. நான் வாய்க்காலிலேயே கலந்து கம்பு நேப்பியர் தீவனப்புல்லுக்கு விடுகிறேன், யூரியா வாங்கி ரொம்ப வருசம் ஆச்சு.

இதே சாணியை வரட்டி தட்டினால்? சித்தி அதைத்தான் கேட்டார், காசில்லாமல் ஆகிற வேலைக்கு எதற்குக் குழி என்று. கணக்குப் போட்டுக் காட்டினேன். 25 கிலோ பச்சைச் சாணி காய்ந்தால் 5 கிலோ வரட்டி. அதை அடுப்பில் வைத்தால் இருக்கிற சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், மீதி புகையாகவும் காற்றிலும் போகும். அதே 25 கிலோ குழிக்குள் போய்க் கேஸாக வந்தால் பாத்திரத்துக்குப் போகிற சூடு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதற்கு மேல் எருவும் மிச்சம், வரட்டியில் மிஞ்சுவது சாம்பல். சித்தி கேட்டுவிட்டு, "செரி சாமி, ஆனா திருநீத்துக்கு நாலு வரட்டி தட்டிக்கறேன்" என்றார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வீடியோக்களில் சொல்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை குழியை நிரப்ப ரெண்டு டன் சாணி வேண்டும், ரெண்டு கன மீட்டர் குழியின் வயிறு 4,000 லிட்டர், அதில் பாதி சாணி. உங்கள் மூணு மாட்டை நம்பினால் அதற்கே ரெண்டு மாதம் ஆகும், அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் வண்டி வைத்து வாங்கியாக வேண்டும், ஏற்கெனவே ஓடுகிற குழியிலிருந்து நாலு குடம் கரைசல் கொண்டுவந்து உறை மோர் மாதிரி விட்டால் சீக்கிரம் பிடிக்கும். முதலில் வருகிற வாயு எரியாது, பெரும்பாலும் கரியமிலவாயு, அதை வெளியே விட்டுவிட வேண்டும், அதைப் பார்த்துப் பயந்து கொத்தனாரைத் திட்டக்கூடாது. சிலிண்டர் அடுப்பு இதற்கு ஆகாது, இதன் அழுத்தம் குறைவு, துளை பெரிதாக இருக்கிற தனி பர்னர் வேண்டும். அது மணிக்கு 450 லிட்டர் குடிக்கும், மூணு மாட்டுக் கேஸில் ஒரு பர்னர் கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம் எரியும். தீ நீலமாக, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் எரியும், என் மனைவி முதல் வாரத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டாள். பைப்பில் தண்ணீர் கோத்துக்கொண்டு தீ குதிக்கும், தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வைக்காமல் பைப் இழுக்கக் கூடாது. அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் யாரும் குழிக்குள் இறங்கக்கூடாது, காலிக் குழியானாலும் சரி. உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது, இறங்கியவரைத் தூக்க இறங்கியவரும் திரும்ப மாட்டார்.

மாடே இல்லாதவர்களுக்குச் சமையலறைக் கழிவில் ஓடுகிற சின்ன கலன்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் சக்தி சுரபி நம் பக்கத்தில் பலருக்கும் தெரிந்தது. சாணியை விட சோறும் காய்கறிக் கழிவும் பல மடங்கு கேஸ் தரும் என்பது உண்மைதான், மாடு ஏற்கெனவே செரித்துச் சக்தியை எடுத்துக்கொண்ட மிச்சம்தானே சாணி. ஆனால் ஒரு கன மீட்டருக்கு 5 கிலோ கழிவு வேண்டும், நாலைந்து பேர் வீட்டில் அவ்வளவு மிஞ்சினால் சமையல் செய்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும். மெஸ், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. அக்கா மகள் தெரட்டிச் சீருக்கு மிஞ்சிய ரெண்டு அண்டா சோற்றை வீணாக்க வேண்டாம் என்று நான் குழியில் கொட்டினேன். மறுநாள் கேஸ் பொங்கியது, எனக்கு ஒரே பெருமை. மூணாம் நாள் தீ பற்றவே இல்லை. உள்ளே புளித்து அமிலமாகிவிட்டது. தீனியை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, பழைய கரைசல் சேர்த்து, குழி சரியாவதற்கு ரெண்டு வாரத்துக்கு மேலே ஆச்சு, அதுவரைக்கும் சிலிண்டர்தான்.

விறகை நான் கேவலமாகப் பேச மாட்டேன். அறுபது தென்னை இருக்கிற வீட்டில் மரத்துக்கு வருசம் 12 மட்டை விழுந்தால் எழுநூறு மட்டை, அதோடு பாளை, பன்னாடை, உரிமட்டை, தொட்டி என்கிற கொட்டாங்குச்சி. இதை எங்கே போடுவது? குவித்து வைத்துக் கொளுத்துகிறவர்களையும் பார்க்கிறேன். வெந்நீருக்கும் மாட்டுக்குத் தவிடு கொதிக்கவைக்கவும் நெல் அவிக்கவும் இது போதும், மிஞ்சும். சீமைக்கருவேலம் வெட்டிக்கொள்ளலாம், அதுவும் நல்ல அனல். கேள்வி, அன்றாடச் சமையலை இதில் செய்யலாமா என்பதுதான்.

அடுப்பை நல்ல அடுப்பாக வைத்தால் செய்யலாம் என்பார்கள். புகைபோக்கி வைத்த அடுப்பு நமக்குப் புதிதில்லை. மத்திய அரசு 1983 வாக்கில் புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கி ஏறக்குறைய இருபது வருசம் நாடு முழுக்கக் கட்டிக்கொடுத்தது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் அஸ்திரா ஒலெ என்று மூணு பாத்திரம் வைக்கிற அடுப்பை வடிவமைத்தது, ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. காற்று வருகிற வழியும் தீ நிற்கிற அறையும் சரியாக இருந்தால் விறகு பாதியாகும், இது உண்மை, எங்கள் வெந்நீர் அடுப்பையே கம்பி வலை வைத்துக் காற்றுவழி விட்டு மாற்றியபோது நேரில் பார்த்தேன். ஆனால் ஊரில் இருபது முப்பது வருசத்துக்கு முன்னால் கட்டின புகையில்லா அடுப்புகளில் எத்தனை இன்றைக்கு இருக்கின்றன? எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது, யாரும் ஏறித் துடைக்கவில்லை, பெரிய அண்டா வைக்க வாயை உடைத்து அகலமாக்கினார்கள், அப்புறம் அது சாதாரண அடுப்பு. அளவு ஒரு விரக்கடை மாறினாலே சுருதி கெட்டுவிடும் சமாசாரம் அது. மரத்தூள் அடுப்பும் அப்படித்தான், நடுவில் பாட்டில் வைத்துத் தூளை அழுத்தி நிரப்பினால் நாலு மணி நேரம் அசையாமல் எரியும், டீக்கடைக்கு அருமை, தோசைக்குத் தீயைக் கூட்டிக் குறைக்கிற வீட்டுக்கு ஆகாது.

விறகில் பெரிய செலவு பணம் இல்லை, அம்மாக்களின் கண்ணும் நெஞ்சும். என் அம்மா முப்பது வருசம் ஊதுகுழலோடு இருந்தவர். அவருக்கு இப்போது இருக்கிற இளைப்புக்கு அடுப்புதான் காரணம் என்று டாக்டர் எழுதிக்கொடுக்கவில்லை, ஆனால் எனக்கு அது போதுமான அளவுக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில், வெந்நீருக்கு மட்டும் விறகு. உள்ளே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

வெயிலுக்கு வருகிறேன். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா என்று கேட்டுத்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். வெயிலில் நேராகச் சமைப்பதற்குப் பெரிய உதாரணம் ஆரோவில்லில் இருக்கிறது, சோலார் கிச்சன் மொட்டைமாடியில் 15 மீட்டர் அகலத்தில் நிலையான கண்ணாடிக் கிண்ணம், அதில் நீராவி உண்டாக்கி நூற்றுக்கணக்கானவர்களுக்கு மதியச் சாப்பாடு. மதியச் சாப்பாடு என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் அடுப்பு மும்முரமாக எரிவது காலை ஆறிலிருந்து எட்டு, மறுபடி சாயங்காலம் ஏழு மணி, சூரியன் ரெண்டு நேரத்திலும் வேலைக்கு வருவதில்லை. பெட்டி அடுப்பில் பருப்பு வேகும், கடலை வறுபடும், அவசரமில்லாத வீட்டில் அது ஒரு நல்ல துணை. இட்லியை அதை நம்பி ஊற்ற முடியாது.

அதனால் வெயில் என்றால் பேனல், கரண்ட், இண்டக்‌ஷன் என்றுதான் நடைமுறையில் வரும். ஒரு கிலோவாட் பேனல் தமிழ்நாட்டில் சராசரி 4 யூனிட் தரும், நம் படிக்கு 3 யூனிட், அதாவது ஒரு கிலோவாட் சமையலுக்குச் சரி, வீட்டுக்கும் சேர்த்து ரெண்டு கிலோவாட் போட்டால் நிம்மதி. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் ரெண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூணு கிலோவாட் போட்டால் 78,000. சாணி கரைக்க வேண்டாம், விறகு பிளக்க வேண்டாம், மாதம் ரெண்டு தடவை பேனலில் தூசி துடைத்தால் போதும், வேலை என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் வர முடியாது.

ஆனால் தற்சார்பு என்று சொல்லிக்கொண்டு இதைப் போடுகிறவர்கள் ஒரு விசயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மானியத்தில் வருகிற இந்தப் பேனல் மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. வெளியே கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் உங்கள் இன்வெர்ட்டர் நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் உங்கள் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், நியாயம்தான். பகலில் நீங்கள் கம்பிக்குக் கொடுத்து ராத்திரி வாங்கிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான், அதைத் தனியாக நிற்பது என்று சொல்ல முடியாது. தனியாக நிற்க பேட்டரி வேண்டும், 2,000 வாட் இழுக்கிற இண்டக்‌ஷன் அடுப்பைத் தாங்குகிற பேட்டரியின் விலையைக் கேட்டால் சிலிண்டர் மேல் திடீரென்று பாசம் வரும். தோட்டத்து லைனில் வோல்டேஜ் வேறு சாயங்காலம் படுத்துவிடும், இண்டக்‌ஷன் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோகும்.

பட்டியலில் மீதி ரெண்டும் இன்ஜினுக்கு. இதில்தான் பையனுக்கு ஆசை அதிகம், சமையலறையைவிட மோட்டார் ரூம் ஆம்பளைகளுக்குப் பிடித்த இடம்.

புங்க எண்ணெயில் இன்ஜின் ஓடும் என்பது பொய்யில்லை. கர்நாடகத்தில் குனிகல் பக்கம் கக்கனஹள்ளியில் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா தொண்ணூறுகளின் கடைசியில் புங்க எண்ணெயிலேயே ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைத்துக் காட்டினார். அப்படியே எண்ணெயை ஊற்றினால் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டியாக இருப்பதால் நாளடைவில் நாசில் அடைக்கும், அதனால் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துப் பயோடீசலாக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால். இங்கேதான் சிக்கல். சாராயத்தில் மெத்தனால் கலந்து எத்தனை சாவு பார்த்திருக்கிறோம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி வரைக்கும். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கி வைக்க உரிமம் வேண்டும், வீட்டில் கேனில் வைத்திருந்தால் போலீஸ் உங்களைத் தற்சார்பு விவசாயி என்று நினைக்காது. கரும்புச்சாற்றைப் புளிக்கவைத்து எத்தனால் காய்ச்சலாமே என்று அடுத்ததாகக் கேட்டான், மதுவிலக்குச் சட்டத்தில் அதற்குப் பெயர் வேறு என்றேன்.

அதையெல்லாம் விடுங்கள், கணக்கைப் பாருங்கள். செக்கில் 4 கிலோ புங்கவிதை போட்டால் ஒரு லிட்டர் எண்ணெய். அஞ்சு குதிரைத்திறன் இன்ஜின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும். காய் பொறுக்கி, தோல் உடைத்து, காயவைத்து, செக்குக்குத் தூக்கிப்போய், ஒரு மணி நேரம் தண்ணீர். புங்க எண்ணெயை வேப்பெண்ணெயோடு கலந்து பூச்சிக்கு அடிக்கிற இயற்கை விவசாயிகள் நான் விசாரித்தபோதெல்லாம் டீசலைவிட அதிக விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், விற்றுவிட்டு அந்தக் காசில் டீசல் வாங்கினால் லாபம். அதைவிடப் பெரிய விசயம், தமிழ்நாட்டில் விவசாயக் கரண்ட் இலவசம். இலவச கரண்டில் ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிட்டு எண்ணெய் ஆட்டுவதற்கு என்ன அவசியம்? ரெண்டாயிரங்களில் பயோடீசலுக்குக் காட்டாமணக்கு நட்டால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று நட்டுவிட்டுப் பிடுங்கினவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கலாம். அதற்கும் முன்னால் 1996இல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் என்று நாடே திரும்பிப் பார்த்தது, இலையும் தண்ணீரும் கொதித்துப் பெட்ரோலாகும் என்பதை விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. எரிகிற சக்தி எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பல வீடியோக்களைப் பாதியில் மூடிவிடலாம்.

கடைசியாக விறகு கேஸ், கரி கேஸ், அதாவது காற்றைக் குறைத்து எரித்தால் வருகிற வாயுவில் இன்ஜின் ஓட்டுவது. இது பழைய சங்கதி. ரெண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊர்களில் கரி பஸ் ஓடியது, டி.வி.எஸ். அதற்கென்றே கேஸ் பிளான்ட் செய்து விற்றது. பஸ் கிளம்புவதற்கு முன்னால் பின்பக்கம் ஒருத்தர் நின்று விசிறியைச் சுற்றுவாராம், மேடு வந்தால் எல்லாரும் இறங்கிக்கொள்வார்களாம், எங்கள் அப்புச்சி சிரித்துக்கொண்டே சொல்லுவார். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் ஒரு கம்பெனிகூட அதை வைத்துக்கொள்ளவில்லை, காரணம் இருக்கிறது. தார் இன்ஜினில் ஒட்டும், வடிகட்டியை ஓயாமல் சுத்தம் செய்ய வேண்டும், அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, மோட்டார் ரூமுக்குள் கசிந்தால் வாசனைகூட வராமல் ஆளை முடிக்கும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2003இல் தண்ணீர் இறைக்க 9 கிலோவாட் விறகு கேஸ் கருவி வைத்தது, பார்த்துக்கொள்ள ஆள், ஊராட்சி நிர்வாகம் எல்லாம் இருந்தது. அதே ஊராட்சி 2006இல் போனது காற்றாலைக்கு, 350 கிலோவாட்டில் சொந்தமாக வாங்கியது. ஊர் சேர்ந்து செய்யலாம், தனி வீட்டுக்கு வேண்டாம். கோபர் கேஸிலேயே இன்ஜின் ஓட்டலாமே என்றால் ஓட்டலாம், அஞ்சு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் ஓட்ட ரெண்டே கால் கன மீட்டர், அதாவது அஞ்சாறு மாட்டின் ஒரு நாள் சாணி ஒரு மணி நேரத்தில் போய்விடும். சாணி கேஸ் அடுப்புக்குத்தான் லாயக்கு.

இப்போது முதலில் சொன்ன அந்தக் கேள்வி. எங்கள் வீட்டில் காலை ஆறரைக்குச் சாணி அள்ளி, தொட்டியில் கரைத்து, கல்லும் வைக்கோலும் பொறுக்கி எடுத்து உள்ளே விட இருபது நிமிசம். தினமும். பொங்கலன்றும், காய்ச்சலன்றும், கல்யாணத்துக்குப் போகிற அன்றும். முதல் ரெண்டு வருசம் அதை அம்மாதான் செய்தார், நான் தற்சார்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள், "ஏஞ்சாமி, சிலிண்டர் இருந்தப்ப எனக்கு இந்த வேலை இல்லையே" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து சாணி என் வேலை. ஆண்கள் ஆசைப்பட்டுக் கட்டிவிட்டுப் பெண்கள் தலையில் கட்டுகிற குழிதான் மூணு வருசத்தில் காய்ந்து, கோழி அடைக்கிற இடமாகிறது, எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படி நாலு குழி எனக்குத் தெரியும்.

அதனால் பையனுக்கு நான் சொன்னது: காலையில் நீயே கரைப்பாய் என்றால் மூணு மாட்டோடு ரெண்டு கன மீட்டர் தீனபந்து. வெளித் தாழ்வாரத்தில் வெந்நீருக்கு ஒரு நல்ல விறகடுப்பு, தென்னை போடுகிற குப்பை அதற்கு. சிலிண்டரை ஒப்படைக்காதே, ஒன்று மூலையில் இருக்கட்டும், மார்கழிக்கும் விருந்தாளிக்கும் குழி கோபித்துக்கொள்கிற நாளுக்கும், வருசத்துக்கு ரெண்டோ மூணோ வாங்கினால் யாரும் உன்னைக் கேலி செய்ய மாட்டார்கள். கரைக்க மாட்டேன், மாடு இந்த வருசம் இருக்கும் அடுத்த வருசம் விற்றாலும் விற்பேன் என்றால் குழியே தோண்டாதே, அந்தப் பணத்தோடு மானியத்தைச் சேர்த்துப் பேனல் போட்டு இண்டக்‌ஷனுக்குப் போ, கரண்ட் போகிற நேரத்துக்கு அதே சிலிண்டர். பயோடீசலையும் விறகு ஜெனரேட்டரையும் மறந்துவிடு. புங்கங்காயைப் பொறுக்கி விற்கலாம், அதைச் சித்தி ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்.

ரெண்டு நாள் பேச்சே இல்லை. அப்புறம் போன் செய்து, ஆறு மணிக்கு எழுந்துகொள்கிறேன் அண்ணா என்றான். முதலில் ஒரு மாதம் எங்கள் தோட்டத்துக்கு வந்து கரைத்துப் பார் என்றேன். இன்றோடு ஒன்பது நாள் வந்திருக்கிறான், ஒரு நாள் மட்டும் ஏழரைக்கு. கொத்தனாரிடம் ஆடி கழித்து நாள் கேட்டிருக்கிறேன், பக்கத்துத் தோட்டத்தில் ரெண்டு டன் சாணிக்குச் சொல்லி வைத்தாயிற்று, முன்பணம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.